ஆடு தீண்டாத செடி: தாவோயிசப் பயிற்சிகள் குறித்து ஒரு மறுப்பு

தாவோயிசம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு அவற்றின் அமைப்பு பழகிப்போயிருக்கும். லாவோ ட்சுவின் பெயரில் ஒரு மேற்கோள், நீரின் மென்மை குறித்து ஒரு பத்தி, மேற்கத்தியப் பகுத்தறிவின் வறட்சியை எண்ணி ஒரு பெருமூச்சு. பிறகு ‘ச்சீ’ என்னும் உயிராற்றல், அது ஓடும் பாதைகள், அதை அடிவயிற்றில் சேமிக்கும் மூச்சு முறைகள் என்று நகர்ந்து, ஏதோ ஒரு வேரின் மகிமையில் கட்டுரை நிறைவுபெறும். எதிர்த்தரப்பிலிருந்து வருவனவற்றிற்கும் ஓர் அச்சு உண்டு. எல்லாம் மூடநம்பிக்கை, எல்லாம் வணிகம் என்ற இரண்டு வாக்கியங்களை நான்கு பக்கங்களுக்கு நீட்டினால் அந்தக் கட்டுரை தயார். இரு சாராருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. தாவோயிச மரபின் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கும் பொறுமை இருவருக்குமே இல்லை.

இக்கட்டுரை முதல் தரப்பாரை நோக்கியே பெரிதும் எழுதப்படுகிறது. காரணம், நான் அவர்களுக்கு நெருக்கமானவன். நான் வசிக்கும் சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் முதியவர்கள் கூடி ‘எட்டுப் பட்டுத் துண்டுகள்’ என்னும் பயிற்சியைச் செய்கிறார்கள். சில ஆண்டுகளாக நானும் அவர்களுள் ஒருவன். உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்து நிற்கையில் நடுவே ஏதோ பந்துபோல் திரள்வதை நானும் உணர்ந்திருக்கிறேன். எனக்கு முன்வரிசையில் நின்றுவந்த ஒரு மூதாட்டி, வெளியிலிருந்து வந்த ஆசான் ஒருவரின் சொல்லைக் கேட்டு, ச்சீயின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது சக்கர நாற்காலியில் அமர்ந்து நாங்கள் கைகளை உயர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் இது வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அவர் அதை நிறுத்துவதற்குச் சொல்லப்பட்ட காரணம் பொய் என்பதை உறுதியாகச் சொல்லலாம். அந்தப் பொய் எங்கிருந்து வலிமை பெறுகிறது என்பதே என் கேள்வி.

*

கே ஹொங் என்பவரிலிருந்து தொடங்குவோம். கி.பி. 283இல் பிறந்து 343இல் மறைந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும் இவர், தாவோயிச இரசவாதத்தின் மிகப் பெரிய ஆசிரியர்களுள் ஒருவர். ‘பாவோபுட்சு’ என்னும் நூலில், மூச்சுப் பயிற்சியும் மூலிகைகளும் ஆயுளை நீட்டிக்கலாம், ஆனால் சாவை வெல்லப் பொன்னும் லிங்கமும் கொண்டு சமைத்த அமுதமே வழி என்று வாதிட்டார். இங்கே லிங்கம் என்பது சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமம். அவருடைய தர்க்கம் இதுதான்: தாவரத்தைச் சுட்டால் சாம்பலாகிறது. சாதிலிங்கத்தைச் சுட்டால் பாதரசமாகிறது. பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து மீண்டும் சுட்டால் சாதிலிங்கமாகத் திரும்பி வருகிறது. பொன்னோ எத்தனை முறை உருக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, அழியாததை உண்பவன் அழிவதில்லை.

இலக்கிய வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். இது மிக அழகான உவமை. செத்துப் பிறக்கும் உலோகம், அழியாத பொன், அழியும் உடல் ஆகியவற்றை வைத்து எந்த மொழியிலும் நல்ல கவிதை எழுதலாம். ஆனால் கே ஹொங் இதைக் கவிதையாக எழுதவில்லை. மருந்துச் சீட்டாக எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்முறைகளை அறிந்திருந்தும், அமுதம் காய்ச்சத் தேவையான பொருட்களை வாங்கத் தமக்கு வசதியில்லை என்று அவரே வருந்திக் கூறுகிறார். அவரை அந்த அமுதத்திடமிருந்து காத்தது அவருடைய வறுமை என்றே எண்ணத் தோன்றுகிறது.

வசதி படைத்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. தாங் வம்சத்துப் பேரரசர் ஷியென்ட்சொங் அமுத மாத்திரைகளை உண்டு, கட்டுக்கடங்காத சினத்துக்கு ஆளாகி, 820இல் இறந்தார். அவரது வெறிக்கு அஞ்சிய அரண்மனை அலிகளே அவரைக் கொன்றனர் என்று அன்றே பேசப்பட்டது. அவர் மகன் மூட்சொங் முப்பது வயதைத் தொடாமலேயே 824இல் இறந்தார். தாவோயிசப் பற்றின் மிகுதியால் 845இல் பௌத்த மடங்களை இடித்துத் தள்ளிய வூட்சொங் மறு ஆண்டே, முப்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அவருக்குப் பின்வந்தவரும் 859இல் அதே வழியில் போனார். தந்தை எதனால் செத்தார் என்று அறிந்தும் மகன் அதையே உண்டிருக்கிறான். பாதரசம் முதலில் மனத்தைக் குலைத்துப் பிறகு உடலைக் குலைக்கும். அந்தக் குலைவையே உடல் தூய்மையடைவதன் அறிகுறி என்று விளக்கினார்கள் அமுதம் காய்ச்சியவர்கள். இன்றும் மருந்து உண்டபின் வரும் தலைவலியையும் வாந்தியையும் ‘கழிவு வெளியேறுகிறது’ என்று விளக்கும் ஆசான்களை நாம் அறிவோம். அந்த விளக்கத்திற்கு வயது ஆயிரத்துக்கும் மேல்.

இதைக் கண்டு அக்காலத்தில் எவரும் வாய் திறக்கவில்லையா? திறந்தார்கள். தாங் காலத்து உரைநடையின் மாபெரும் ஆளுமையான ஹான் யூ, தம் இறுதி ஆண்டுகளில் உறவினர் ஒருவருக்குக் கல்லறை வாசகம் எழுத நேர்ந்தது. இறந்தவரின் பெருமைகளைப் பாடுவதே அந்த வடிவத்தின் மரபு. ஹான் யூ அதில் பாதரச அமுதத்தால் இவர் எவ்வாறு செத்தார் என்று எழுதினார். அதோடு நில்லாமல், தாம் நேரில் அறிந்து அதே மருந்தால் மாண்ட உயர்குடியினரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார். ஐயம் என்பது ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் இறக்குமதிச் சரக்கு என்று எழுதுபவர்கள், ஒன்பதாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்லை எங்கே கொண்டுபோய் மறைப்பார்கள்?

*

இதே கே ஹொங் இன்னொரு நூலும் எழுதினார். அவசர காலத்துக்கு உதவும் மருந்து முறைகளின் கைநூல் அது. மருத்துவரை அழைக்க வசதியற்ற ஏழைகள் கையருகே கிடைக்கும் பொருட்களைக் கொண்டு சமாளிப்பதற்கானது. முறைக்காய்ச்சலுக்கு அதில் தரப்பட்டுள்ள பல முறைகளுள் ஒன்று, ‘சிங்ஹாவ்’ என்னும் செடியை ஒரு பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தச் சாற்றைக் குடிப்பது.

1967இல், வியட்நாம் போரில் மலேரியாவால் வீரர்கள் மடிந்துகொண்டிருந்தபோது, சீன அரசு ‘523’ என்னும் இரகசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு குழுவை வழிநடத்திய து யூயூ, பழைய நூல்களிலிருந்து இரண்டாயிரம் மருந்து முறைகளைத் திரட்டி, அவற்றுள் பலவற்றைச் சோதித்தார். சிங்ஹாவ் முதலில் நம்பிக்கை தந்து பிறகு கைவிட்டது. கே ஹொங்கின் குறிப்பை மீண்டும் படித்தபோதுதான் அதில் ‘காய்ச்சுக’ என்ற சொல் இல்லை என்பது அவருக்குப் பட்டது. சூடு அந்தப் பொருளை அழிக்கிறதோ என்று ஐயுற்றார். குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191 என்ற எண்ணிட்ட மாதிரி, எலிகளின் மலேரியாவை முற்றிலும் அழித்தது. 1972இல் அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு நஞ்சில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். ஆர்ட்டிமிசினின் என்னும் அம்மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதை தமிழில் எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். ‘பண்டைய கிழக்கின் ஞானத்துக்கு மேற்கு தலைவணங்கியது’ என்று. மன்னிக்கவும், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே மரபு, ஒரே நம்பிக்கையோடு இரண்டு பரிந்துரைகளைத் தந்தார். ஒன்று பேரரசர்களைக் கொன்றது. இன்னொன்று பதினாறு நூற்றாண்டுகள் கழித்துக் கோடிக்கணக்கானவர்களுக்கு உதவியது. எது எந்த வகை என்று கே ஹொங்குக்குத் தெரியாது. அவர் பெரிதும் போற்றியது சாதிலிங்கத்தைத்தான். சிங்ஹாவ் சாறு அவருக்குப் பல கைவைத்தியங்களுள் ஒன்று. இரண்டையும் பிரித்துக் காட்டியது சோதனை மட்டுமே. ஆர்ட்டிமிசினின் எவ்வாறு வேலை செய்கிறது என்ற விளக்கத்தில் ச்சீக்கோ ஐம்பூதங்களுக்கோ இடமில்லை. அதன் மூலக்கூறில் உள்ள ஒரு பெராக்சைடுப் பிணைப்பே ஒட்டுண்ணியைக் கொல்கிறது. அச்செடியைத் தேநீராக்கிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மலேரியாவுக்குப் பரிந்துரைப்பதில்லை. மருந்தின் அளவு சீராக இராது என்பதே காரணம்.

மரபைப் புறக்கணித்திருந்தால் து யூயூவுக்கு அந்தக் குறிப்பு கிடைத்திராது. மரபை வணங்கியிருந்தால் அதைச் சோதித்திருக்கமாட்டார். இரண்டு தரப்பாருக்குமே அவர் பயன்படமாட்டார்.

*

‘இயற்கையானது, ஆயிரமாண்டுப் பழக்கத்தில் உள்ளது, ஆகவே கெடுதல் செய்யாது’ என்பது அடுத்த வாதம். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட இளம்பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டோர் தொகை நூறைத் தாண்டியது. ‘ஃபாங்ச்சி’ என்ற பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இரு வேறு செடிகளுள் ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்த மற்றொன்று கலந்துவிட்டிருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்குவதோடு, சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது பின்னர் தெளிவாகியது.

ஆதரவாளர்களின் பதில் எனக்குத் தெரியும். இது ஆள்மாறாட்டம், மரபு மெலிவதற்காக இதைத் தரவில்லை, பழி மேற்கத்திய மருத்துவமனையைச் சேரும் என்பார்கள். பிரசல்ஸ் அளவில் இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த ‘குவான் மூதொங்’ ஆள்மாறாட்டத்தால் நுழைந்ததன்று. சீன அரசின் மருந்து நூலிலேயே இடம்பெற்றிருந்தது. சிறுநீரகச் சேதங்கள் பதிவானபின் 2003இல் சீன அரசே அதை நீக்கியது.

அனுபவத்தின் மீது பழி சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அனுபவத்தின் எல்லை எது என்று காட்டவே கூறுகிறேன். உண்ட அன்றே வாந்தி எடுக்க வைக்கும் செடியை எந்தக் கிராமத்து மருத்துவரும் கண்டுகொள்வார். உண்டு பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரும் செடியை, கணக்கு வைக்காமல், ஒப்பிடாமல், எத்தனை தலைமுறை மருத்துவர்களாலும் கண்டுகொள்ள இயலாது. இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் பார்க்கும் கண் தனிமனித அனுபவத்துக்குக் கிடையாது. ஆயிரமாண்டுகள் என்பது அந்தக் குருட்டிடத்தைச் சிறிதும் குறைக்காது.

இது சீனருடைய சிக்கல் என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே அரிஸ்டோலோகியாதான். போகர் சீனத்திலிருந்து வந்தார் என்றும், இங்கிருந்து சீனம் சென்றார் என்றும் வழங்கும் கதைகளை முன்வைத்து, இரு மரபுகளும் ஒன்றுக்கொன்று சாட்சி என்று எழுதுபவர்கள் நம்மிடையே உண்டு. இரு மரபுகளும் பாதரசத்தை நம்பின, இரு மரபுகளும் இந்தச் செடியை நம்பின என்பது வேண்டுமானால் சாட்சியாகலாம். எதற்குச் சாட்சி என்பதுதான் கேள்வி. செடிக்குப் பெயரிட்ட நம் முன்னோர் அதில் ஒரு செய்தியைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள்: ஆடுகூட இதைத் தொடாது. கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் மேயும் விலங்கு ஒதுக்கிய ஒன்றை ‘இயற்கையானது’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக விழுங்க வேண்டுமா?

*

ஆற்றல் பயிற்சிகளுக்கு வருவோம். 1973இல் மாவாங்துயி அகழாய்வில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. அதில் நாற்பத்து நான்கு மனித உருவங்கள் உடலை வளைத்தும் நீட்டியும் நிற்கின்றன. சிலவற்றின் அருகே முழங்கால் வலி போன்ற நோய்களின் பெயர்களும் உள்ளன. ஆக, பயிற்சிகள் பழமையானவை. ஐயமில்லை. அவற்றின் மீதான விமர்சனமும் ஏறத்தாழ அதே அளவு பழமையானது. ‘சுவாங் ட்சு’ நூலின் பதினைந்தாம் அத்தியாயம், கரடியைப் போலத் தொங்கியும் பறவையைப் போல நீட்டியும் மூச்சை இழுத்துவிட்டும் நீண்ட ஆயுளைத் துரத்துவோரைச் சற்றே கேலியோடு ஒதுக்கி வைக்கிறது. அந்த அத்தியாயம் சுவாங் ட்சுவே எழுதியதன்று என்பது அறிஞர்களின் பொதுக்கருத்து. இருந்தும் மரபு அதைத் தன் நடுவில் வைத்துப் போற்றி வந்திருக்கிறது.

ஆனால் இன்று ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ச்சிகுங்’ என்று விற்கப்படுவது வேறு. ச்சிகுங் என்பதை ஒரு மருத்துவ முறையின் பெயராக நிலைநாட்டியவர்கள் 1950களில் பணியாற்றிய லியூ குய்ச்சென் போன்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர்கள். பழைய பயிற்சிகளிலிருந்து தெய்வங்களையும் மந்திரங்களையும் நீக்கி, அவற்றை மக்கள் அரசின் சுகாதார நிலையங்களுக்கு ஏற்றவாறு சீரமைத்தார்கள். பண்பாட்டுப் புரட்சியில் அதுவும் ஒடுக்கப்பட்டு, 1980களில் பெருங்காய்ச்சலாகத் திரும்பியது. யான் ஷின் என்னும் ஆசானின் ஆற்றல் தொலைவிலிருந்தே பொருட்களின் மூலக்கூறுகளை மாற்றியது என்றார்கள். 1987இல் வடகிழக்குச் சீனத்தில் எரிந்த பெருங்காட்டுத் தீயை அணைக்க அவர் உதவினார் என்றார்கள். ஏவுகணை அறிஞர் சியென் ஷுவேசென் போன்ற ஒருவரே இத்துறைக்குத் தம் பெயரின் பலத்தை அளித்தார். அறிவியல் கல்வி ஒருவரை நம்பிக்கையிலிருந்து காக்கும் என்று எண்ணுபவர்கள் இந்தப் பெயரை நினைவில் கொள்ள வேண்டும். 1988இல் அமெரிக்க ஐயவாதிகள் குழு ஒன்று சீனம் சென்று, ஆசானும் நோயாளியும் ஒருவரையொருவர் காணாதபடி தனித்தனி அறைகளில் வைத்துச் சோதித்தது. ஆசான் ஆற்றல் அனுப்பிய நேரத்துக்கும் நோயாளியின் உடல் அசைந்த நேரத்துக்கும் தொடர்பே இருக்கவில்லை. 1999இல் சீன அரசு ஃபாலுன் கொங் அமைப்பைத் தடைசெய்து அதைப் பின்பற்றியவர்களை ஒடுக்கியபோது, காய்ச்சல் இறங்கியது. அதை ஐயவாதத்தின் வெற்றி என்று எவரும் எழுத வேண்டாம். காவலரின் தடி எதையும் சோதிப்பதில்லை.

அப்படியானால் பயிற்சியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஆறு மாத காலம் தாய் ச்சி, தசை வலுப் பயிற்சி, வெறும் நீட்டல் பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றைச் செய்தார்கள். உடல் சமநிலையில் தாய் ச்சி குழு மற்ற இரண்டையும் விஞ்சியது. முதியோர் தடுக்கி விழுவதைத் தாய் ச்சி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2019இல் கூறினார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியவர்களைக் கண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நன்மை என்பது புரியும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றுவதை ஆயிரம் முறை பழகிய உடல் தடுக்கும்போது தன்னைத் தாங்கிக்கொள்கிறது. இதை விளக்க ச்சீ தேவையில்லை.

இங்கே இறுதி அரண் எழுப்பப்படும்: ‘அனுபவித்தால்தான் தெரியும்’. நான் அனுபவித்திருக்கிறேன். உள்ளங்கையில் திரளும் அந்தச் சூடு பொய்யன்று. தளர்ந்து நின்று கவனத்தை ஓரிடத்தில் குவித்தால் அங்கே இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வழக்கமாக நாம் பொருட்படுத்தாத நுண்ணுணர்வுகள் மேலெழுகின்றன. அனுபவம் எனக்குச் சொல்வது ‘கையில் இப்படி ஓர் உணர்வு இருக்கிறது’ என்பதை மட்டுமே. ‘இது பிரபஞ்ச ஆற்றல், இது இரத்த அழுத்தத்தைச் சீராக்கும், மாத்திரையை நிறுத்து’ என்பதை அனுபவம் சொல்வதில்லை. ஆசான் சொல்கிறார். அனுபவத்தின் நேர்மையைக் கடன் வாங்கி அவருடைய சொல் உலவுகிறது. அந்த மூதாட்டி ஏமாந்தது அந்தக் கடனில்தான்.

*

தாவோயிசத்தில் நான் மதிக்கும் ஒரு திருப்பம் உண்டு. தாங் பேரரசர்கள் செத்து விழுந்தபின், புற இரசவாதத்தின் செல்வாக்கு படிப்படியாகத் தேய்ந்து, அக இரசவாதம் எழுந்தது. பதினோராம் நூற்றாண்டில் சாங் போதுவான் போன்றவர்கள் ஈயம், பாதரசம், உலை, நெருப்பு என்ற அதே சொற்களை எடுத்துக்கொண்டு, உலை என்பது இந்த உடல், நெருப்பு என்பது மூச்சும் கவனமும் என்று பாடினார்கள். உவமையை மருந்துச் சீட்டாக வாசித்ததால் நேர்ந்த பேரழிவை, அதை மீண்டும் உவமையாக்கிச் சரிசெய்தார்கள். அவர்களும் சாகாநிலையை நம்பினார்கள் என்பது உண்மை. ஆனாலும் பாதரசத்தைக் குடிப்பதைவிடப் பாதரசத்தைப் பாடுவது மேல். அகத்துக்குள் நகர்ந்த பின்னர் அந்தச் சொற்கள் எவருடைய சிறுநீரகத்தையும் அரிக்கவில்லை.

இன்று நம் இலக்கியவாதிகள் செய்துகொண்டிருப்பது இதற்கு நேர் எதிரான பயணம். கவிஞர்கள் வாழவைத்த உவமையை மீண்டும் மருந்துக்கடைக்கு இழுத்துச் செல்கிறார்கள். ‘சுவாங் ட்சு’வைக் கவிதையாகவும் மெய்யியலாகவும் வாசிக்கத் தெரிந்தவர்கள், ச்சீ என்ற சொல்லைக் கண்டதும் வாசகனாக இருப்பதை நிறுத்திவிட்டு நோயாளியாகிவிடுகிறார்கள். உருவகத்தை உருவகம் என்று அடையாளம் காண்பதே நம் தொழில். அதை நாமே கைவிட்டால் வேறு எவரிடம் எதிர்பார்ப்பது?

தாவோயிசப் பயிற்சிகளை எவரும் விட்டுவிட வேண்டியதில்லை. நானும் விடப்போவதில்லை. ஆனால் அவற்றைப் பற்றி எழுத அமர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் ஒரு வேரையோ மூச்சு முறையையோ புகழ்வதற்கு முன், அதைச் சோதித்தவர் யார், எதனோடு ஒப்பிட்டார், எத்தனை ஆண்டுகள் காத்திருந்து பார்த்தார் என்று ஒரு பத்தி எழுதுங்கள். எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் வீட்டு அலமாரியில் உள்ள மாத்திரைகளை எடுத்துக் குப்பையில் போடக்கூடும். அவர் எங்கள் முன்வரிசையில் நிற்பவராகவும் இருக்கலாம்.